ஆட்டிசமுள்ள டீன் ஏஜ் பிள்ளையின் கோபம்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு

என்னிடம் வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "அடிக்க வரும்போது என்ன செய்யணும்?" என்பதைத்தான். அதற்கான பதில் இங்கே எட்டாவது பகுதியில் வருகிறது. தெரிந்தேதான் அங்கே வைத்திருக்கிறேன். கோபம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. அந்த நேரத்தைக் காயமில்லாமல் தாண்டலாம், அவ்வளவுதான். மாற்றம் வருவது மற்ற 23 மணி நேரத்தில் செய்கிற வேலையால்.

ஸ்பெஷல் எஜுகேட்டராக வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததில், முயற்சி செய்யாததால் தோற்ற குடும்பம் குறைவு. வரிசை மாறியதால் தோற்றவைதான் அதிகம். அதனால் கீழே உள்ள எண்களை மாற்றாமல் போங்கள். இன்று இரவே யாருக்காவது அடிபடும் என்ற நிலை இருந்தால் மட்டும் 2-ஐயும் 8-ஐயும் படித்துவிட்டு மறுபடி மேலே வாருங்கள்.

தொடங்குமுன் தேவையானவை

ஒரு 40 பக்க நோட்டு, அதில் நூலால் கட்டிய பேனா. (கட்டாவிட்டால் மூன்றாம் நாள் பேனா இருக்காது.) ஒரு சமையலறை டைமர். செல்போன் டைமர் வேண்டாம். பல வீடுகளில் சண்டையே செல்போனுக்காகத்தான், அதையே கையில் எடுத்து நேரம் காட்டினால் எப்படி?

6 முதல் 8 வார நிதானமான காலம். பரீட்சை மாதம், வீடு மாறும் மாதம், அக்கா கல்யாண மாதம் இவற்றில் தொடங்காதீர்கள். பாதியில் நிற்கும், நின்றபின் மறுபடி தொடங்குவது முதல் தடவையைவிடக் கடினம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டில் இருக்கிறவர்களின் ஒப்புதல். பாட்டியை விட்டுவிட்டுத் திட்டம் போடாதீர்கள். அம்மா பத்து தடவை மறுத்த பிஸ்கட்டைப் பதினோராவது அலறலில் பாட்டி கொடுத்தால், பிள்ளை கற்றுக்கொள்வது "பதினோரு தடவை அலற வேண்டும்" என்பதை. எப்போதும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதுதான் ஒரு பழக்கத்தை நன்றாக வேரூன்ற வைக்கும்.

எதை மாற்றக் கூடாது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது எல்லாம் பல பிள்ளைகள் தங்களைத் தாங்களே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது என்று அதை நிறுத்தினால் அந்த அழுத்தம் வேறு பக்கம் வெடிக்கும். யாருக்காவது காயம் உண்டாக்குவது எதுவோ அதுதான் நம் இலக்கு.

1. முதலில் உடம்பு

திடீரென்று கோபம் கூடியிருக்கிறது என்றால் நடத்தைப் பயிற்சிக்கு முன் டாக்டர். வலி இருப்பதைச் சொல்லத் தெரியாத பிள்ளை அதைக் கடியாகவோ தலையை முட்டுவதாகவோதான் சொல்லும். நன்றாகப் பேசுகிற பிள்ளைகளிலும் பலருக்குத் தன் உடம்புக்குள் நடப்பதை அடையாளம் காண்பது சிரமம்.

டாக்டரிடம் இவற்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: பல், காது, தலைவலி, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், தூக்கம். மலச்சிக்கலில் ஏமாறுவது சுலபம். "தினமும் போகிறானே" என்பார்கள். உள்ளே கெட்டியாக அடைத்துக்கொண்டு, ஓரத்தில் இளகலாகக் கசிவதைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

பெண் பிள்ளை என்றால் மாதவிலக்குத் தேதியைத் தனியாகக் குறியுங்கள். மூன்று மாதக் குறிப்பில் அதற்கு முந்தைய நாட்களில் மட்டும் கோபம் கூடுவது தெரிந்தால் உங்கள் பாதை வேறு. மகளிர் நல மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும்.

வலிப்பையும் மறக்காதீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு அது வளரிளம் பருவத்தில்தான் முதன்முதலாகத் தலைகாட்டும். ஏற்கெனவே மருந்து எடுப்பவர் என்றால் மருந்தின் பெயரைப் பாருங்கள்: லெவெடிராசிட்டாம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு திரும்பிவிடும். எழுதிக்கொடுத்த டாக்டரிடம், எந்தத் தேதியில் மருந்து தொடங்கியது, எந்தத் தேதியிலிருந்து கோபம் என்று இரண்டையும் சொல்லுங்கள்.

2. வீட்டைப் பத்திரப்படுத்துங்கள்

6 வயதில் தூக்கிக்கொண்டு போய் அறையில் விட்ட பிள்ளைக்கு இப்போது 14 வயது, உங்களைவிட உயரம். பழைய வழி இனி நடக்காது. முயன்றால் இருவருக்கும் அடிபடும்.

கத்தி, அரிவாள்மனை, கண்ணாடி டம்ளர், அயர்ன் பாக்ஸ் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். பிள்ளை போய் உட்கார ஓர் இடம், மற்றவர்கள் போய்த் தாழ் போட்டுக்கொள்ள ஓர் இடம், இரண்டையும் முடிவு செய்யுங்கள். தம்பி தங்கைக்கு ஒரே ஒரு வேலைதான்: அப்பா அல்லது அம்மா ஒரு குறிச்சொல் சொன்னதும் அந்த அறைக்குப் போய்விடுவது. அண்ணனை அடக்க அவர்களைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

3. ஒரே ஒரு செயல், இரண்டு வாரக் குறிப்பு

"கோபப்படுகிறான்" என்பது உங்கள் கருத்து. "அம்மாவின் வலது முன்கையைக் கடித்தான்" என்பது செயல். எழுத வேண்டியது செயலைத்தான். வீட்டில் யார் பார்த்தாலும் "ஆமாம், நடந்தது" என்று ஒரே மாதிரி சொல்ல முடிகிற ஒன்றாக அது இருக்கட்டும். ஐந்து பிரச்சினை இருந்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள், அதிலும் ஆபத்து அதிகமானதை.

தெரபி சென்டர்களில் ஏ.பி.சி. சார்ட் என்பார்கள். முன்னால் என்ன, என்ன செய்தான், பின்னால் என்ன என்ற மூன்று பத்திதான். நான் கூடவே மணி, யார் இருந்தார்கள், அப்போது இருந்த சத்தம், முந்தைய இரவுத் தூக்கம் இவற்றையும் எழுதச் சொல்வேன். "முன்னால்" பத்தியில், நீங்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். "குளிக்கச் சொன்னேன்" போதாது. "போதும், வை, குளிக்கப் போ" என்று அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொன்னீர்களா? அதுதான் வேண்டும்.

இந்த இரண்டு வாரமும் நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம், வழக்கம்போலவே இருங்கள். இந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் ஆறு வாரம் கழித்து "குறைந்த மாதிரிதான் இருக்கு" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை: "காரணமே இல்லாமல் கடித்தான்" என்று எழுதுவது. காரணம் தெரியவில்லை என்றால் அந்தப் பத்தியில் அறையில் இருந்த எல்லாவற்றையும் எழுதுங்கள்: மிக்சி ஓடியது, டியூப்லைட் மினுக்கியது, சித்தப்பா வந்திருந்தார். இன்னொரு பிழை, மோசமான நாட்களை மட்டும் எழுதுவது. ஒன்றும் நடக்காத நாளில்தான் துப்பு இருக்கும்.

4. இந்தக் கோபத்தால் என்ன கிடைக்கிறது?

நோட்டை எடுத்து, "பின்னால்" பத்தியை மட்டும் முதலில் படியுங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்று தெரியும். பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க முடிகிறது. யாரோ ஓடி வந்து பேசுகிறார்கள். வேண்டிய பொருள் கைக்கு வருகிறது. அல்லது வெளியிலிருந்து எதுவும் கிடைக்காமலே, அந்தச் செயலே உடம்புக்குள் ஏதோ ஒரு நிம்மதி தருகிறது. தனியாக இருக்கும்போதும் நடப்பது இந்தக் கடைசி வகை. வலியின் சந்தேகமும் அதில்தான் அதிகம்.

ஓர் உதாரணம், விவரங்களைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். 14 வயதுப் பையன், மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசமாட்டான். அம்மாவின் கையைக் கடிப்பான். "செல்போனைப் பிடுங்கினால் கடிக்கிறான்" என்று வீடே சொன்னது, நானும் முதலில் நம்பினேன். இரண்டு வார நோட்டில் 11 கடிகள், அதில் 8 மாலை ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் நடுவில். ஆனால் அப்பா சீக்கிரம் வந்த நாட்களில் அதே போன், அதே நேரம், கடி இல்லை. ஏன்? அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ரெண்டு பாட்டு, அப்புறம் குளியல்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அம்மாவுக்கு அது சமையல் நேரம். குக்கர் விசில் நடுவே அடுப்படியிலிருந்து குரல் வரும், அடுத்த நிமிடம் கை வந்து போனை எடுக்கும்.

பிரச்சினை போன் இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்துவது, அதன் மேல் சத்தம். கடித்ததும் அம்மா விலகிப் போனார், குளியல் அரை மணி தள்ளிப் போனது. தப்பிக்க வழி கிடைத்தது. போனைப் பூட்டி வைத்திருந்தால் இன்னொரு மாதம் வீணாகியிருக்கும்.

காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் வைத்தியம் நோயை வளர்க்கும். தப்பிக்கக் கடிக்கிற பிள்ளையை "போ, ரூமுக்கு" என்று அனுப்புவது தண்டனை ஆகாது. அவன் கேட்டதையே கொடுப்பது.

5. கோபத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தை மாற்றுங்கள்

பலன் முதலில் தெரிவது இங்கேதான். பிள்ளை புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை, மாறுவது நாம் என்பதால்.

அந்த வீட்டில் செய்தவை: குக்கர் வைக்கும் நேரம் முன்னால் போனது. டைமர் வந்தது. குளியல், தோசை, பாட்டு என்ற மாலை வரிசையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டினோம். போன் முடிந்ததும் உடனே குளியல் என்று இருந்ததை, நடுவில் மொட்டை மாடிக்கு ஐந்து நிமிட நடையாக மாற்றினோம். பிடித்ததிலிருந்து பிடிக்காததற்கு நேரே தாவுவது பெரியவர்களுக்கே கஷ்டம்.

முதல் இரண்டு வாரம் வேலைகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள். "இப்படி விட்டால் செல்லம் கொடுத்துக் கெடுத்த மாதிரி ஆகாதா?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். ஆகாது. இறக்கிய சுமையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப் போகிறோம்.

டீன் ஏஜ் பிள்ளைக்குத் தேர்வு கொடுங்கள்: முதலில் குளியலா சாப்பாடா, நீலத் துண்டா பச்சைத் துண்டா. குளிக்கும்போது கதவு சாத்தியிருக்கட்டும். வயதுக்கேற்ற மரியாதை கிடைக்காததே பாதி எரிச்சலுக்குக் காரணமாக இருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 15 வயதுப் பையனை வந்தவர்கள் முன்னால் "பாப்பா, மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு" என்றால் கோபம் வராதா?

6. கடிக்குப் பதில் ஒரு வார்த்தை

கடி என்பது ஒரு செய்தி. அந்தச் செய்தியைச் சொல்ல அதைவிடச் சுலபமான வழியைக் கொடுக்காமல் கடியை மட்டும் நிறுத்த முடியாது.

தப்பிப்பதுதான் காரணம் என்றால் "பிரேக்" என்ற சொல், அல்லது ஒரு அட்டை, அல்லது ஒரு சைகை. பேசாத பிள்ளைக்கு டேப்லெட் செயலியும் பயன்படும். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் கிடைக்கிறது. எதுவாக இருந்தாலும் ஒரு நிபந்தனை: கடிப்பதைவிடக் குறைந்த உழைப்பு, கடிப்பதைவிட வேகமான பலன். அட்டையைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்த வீடு உண்டு. அது பாக்கெட்டிலோ, இடுப்பில் தொங்கும் வளையத்திலோ இருக்க வேண்டும்.

கற்றுக்கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எதிரில் உட்கார்ந்து சின்ன வேலை ஒன்றைச் சொல்வார். இரண்டாமவர் பின்னால் இருந்து, பேசாமல், பிள்ளையின் கையை அட்டைக்கு வழிநடத்துவார். கையைத் தொட்டால் பிடிக்காத பிள்ளைக்கு அட்டையைச் சுட்டிக் காட்டினால் போதும். ஏன் பேசக் கூடாது? "அட்டையைக் கொடு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், அந்தக் குரல் வரும்வரை காத்திருக்கத்தான் பிள்ளை பழகும். வாயால் சொல்லி நடத்துவதை விலக்குவது, கையால் நடத்துவதை விலக்குவதைவிடக் கடினம்.

அட்டை வந்த நொடியில் வேலை நிற்க வேண்டும். இரண்டு நிமிட ஓய்வு. முதல் இரண்டு வாரம் நூற்றுக்கு நூறு. "இதை முடிச்சிட்டு பிரேக் எடு" என்று ஒரு தடவை சொன்னாலும் அட்டை செல்லாக் காசாகிவிடும். ஒரு நாளில் 30 தடவை காட்டினாலும் கொடுங்கள். 30 அட்டை 3 கடியைவிட நல்லது.

எரிச்சல் தொடங்கும் முன்பே பயிற்சி நடக்க வேண்டும். கடித்தபின் அட்டையை நீட்டி, உடனே ஓய்வும் கொடுத்தால் "கடி, பிறகு அட்டை, பிறகு ஓய்வு" என்ற சங்கிலியைக் கற்றுக்கொள்வான். நானே இந்தத் தப்பைச் செய்து, அதைக் கழற்ற மூன்று வாரம் எடுத்திருக்கிறேன். கடி நடந்துவிட்டால் அமைதியாகும்வரை காத்திருந்து, மிகச் சின்ன வேலை ஒன்றைச் செய்ய வைத்து, பிறகு அட்டைக்கு வழிகாட்டுங்கள்.

இது படிந்தபின்தான் காத்திருக்கப் பழக்குவது. அட்டை வந்ததும் "சரி, இரு" என்று 5 நொடி, பிறகு 10, பிறகு அரை நிமிடம், டைமருடன். அப்புறம் "இன்னும் ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்திட்டு பிரேக்." இந்தப் படியை விட்டுவிடும் குடும்பங்கள் அதிகம். விட்டால் வீட்டில் சமாளிப்பான், பள்ளியில் முடியாது. அங்கே கேட்ட நொடியில் எதுவும் கிடைக்காது.

பாராட்டும் பரிசும் அட்டையைப் பயன்படுத்தியதற்கு. அலறலின் நடுவே "நிறுத்து, ஐஸ்கிரீம் தர்றேன்" என்றால் அது பரிசு இல்லை, லஞ்சம். அலறினால்தான் பேரம் தொடங்கும் என்று தெரிந்துவிடும்.

7. நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு

பிளஸ் ஒன் படிக்கிற, நன்றாகப் பேசுகிற பெண்ணுக்கு அட்டை பொருந்தாது. அவளோடு உட்கார்ந்து கோப அளவுகோல் ஒன்று வரையலாம், 1 முதல் 5 வரை. ஒவ்வொரு எண்ணிலும் உடம்பில் என்ன நடக்கிறது என்பது அவள் வார்த்தையிலேயே இருக்கட்டும்: "2-ல காது சூடாகும்." அவளுக்குத் தெரியாத அறிகுறியை நீங்கள் சேர்க்கலாம்: "3-ல நீ ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்கிறாய்." 2-லும் 3-லும் என்ன செய்வாள் என்பதுதான் திட்டம். 5-க்குத் திட்டம் கிடையாது.

செய்வது திட்டவட்டமாக இருக்கட்டும்: படிக்கட்டில் போய் உட்காருவது, ஹெட்போன், குளிர்ந்த தண்ணீரில் கை, கனமான போர்வை. தினமும் காபி நேரத்தில், கோபமே இல்லாதபோது, ஐந்து நிமிடம் ஒத்திகை. ஒத்திகை இல்லாமல் கோபத்தின் நடுவே "மூச்சை இழுத்து விடு" என்று சொன்ன வீடுகளில் அந்த வாக்கியமே வெடிமருந்தாகிவிட்டது.

"டிரைவர் வேணும்னே லேட்டா வர்றார்" என்பது மாதிரியான எண்ணங்களுக்கு, "நீ நினைக்கிறது தப்பு" என்று வாதம் செய்யாதீர்கள். லேட்டாக வேறு மூன்று காரணம் காகிதத்தில் எழுதுவோம் என்று விளையாட்டாக்குங்கள். கூடவே மாற்றுத் திட்டத்தையும் எழுதி வையுங்கள்: 8.10-க்கு வேன் வராவிட்டால் 8.20 வரை பாட்டு, 8.20-க்கு அப்பாவுக்குப் போன். தாமதத்தைவிட, எவ்வளவு தாமதம் என்று தெரியாததுதான் அவளை எரிய வைக்கிறது.

8. வெடித்துவிட்டால்

சத்தத்தைக் குறையுங்கள்: டிவி, மிக்சி, முக்கியமாக உங்கள் குரல். இரண்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம். "நான் இருக்கேன்." போதும். அந்த நேரத்தில் நீளமான பேச்சைப் பிரித்து அர்த்தம் எடுக்க அவர்களால் முடியாது, அது இன்னொரு இரைச்சல்.

நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில் நில்லுங்கள். கதவை மறிக்காதீர்கள். முறைத்துப் பார்க்காதீர்கள். மற்றவர்கள் வெளியே போகட்டும். ஆறுதல் சொல்ல நான்கு பேர் சூழ்வது மிகப் பெரிய தப்பு.

கடித்துப் பிடித்துக்கொண்டால் கையை இழுக்காதீர்கள், சதை கிழியும். கையை வாயை நோக்கியே மெதுவாக அழுத்தினால் தாடை திறக்கும். முடியைப் பிடித்தால் அந்தக் கையை உங்கள் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, பிடி தளரும்வரை இருங்கள். இரண்டையும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் நேரில் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது. குப்புறப் போட்டு அமுக்குவது, முதுகில் உட்காருவது ஒருபோதும் கூடாது. மூச்சு நின்றுவிடும் ஆபத்து உண்டு.

அடங்கியபின் தண்ணீர், ஓய்வு. "ஏன் அடிச்ச? சாரி சொல்லு" என்ற விசாரணை வேண்டாம். முகம் அமைதியானபின்னும் உடம்பு அடங்க நேரமாகும். அதற்குள் கேள்வி கேட்டால் இரண்டாவது வெடிப்பு. கொட்டியதைச் சேர்ந்து எடுத்து வைப்பது பின்னால் நடக்கட்டும், தண்டனையாக இல்லாமல். விட்டுப்போன குளியலிலும் ஒரு சிறு பகுதியாவது, முகம் கழுவுவதாவது, நடந்தாக வேண்டும்.

9. நடுவில் கூடும், பயப்படாதீர்கள்

பழைய வழியில் பலன் கிடைக்காதபோது, பிள்ளை அதையே இன்னும் ஓங்கிச் செய்து பார்க்கும். லிஃப்ட் வராவிட்டால் பட்டனை நாலு தடவை குத்துகிறோமே, அதுதான். இந்த இடத்தில் "தெரபி சரிவரலை" என்று நிறுத்துகிறவர்கள் நிறைய. நிறுத்தினால் ஓங்கியதற்குப் பலன் கிடைத்ததாகிவிடும். ஓங்கினால் தாங்க முடியாது, காயம் வரும் என்றால், பழைய வழிக்குப் பலன் கொடுக்காமல் "கண்டுகொள்ளாமல் விடுவது" உங்களுக்கான முறை இல்லை. 5, 6-ஆம் பகுதிகளில் சொன்னதை மட்டும் செய்யுங்கள்.

வாரம் ஒரு முறை நோட்டைக் கூட்டிப் பாருங்கள். அம்மாவைக் கடித்த அந்தப் பையனுக்கு ஆறாவது வாரத்திலிருந்து கடி வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. பூஜ்யம் ஆகவில்லை. மூன்று வாரம் நோட்டு அசையவே இல்லை என்றால் 4-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள், காரணத்தைத் தவறாகப் படித்திருப்பீர்கள்.

10. மருந்தும் நிபுணரும்

தன்னையோ மற்றவரையோ கடுமையாகக் காயப்படுத்தினால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டிசத்தோடு வரும் எரிச்சலுக்கு அமெரிக்க மருந்து ஆணையம் ஒப்புதல் கொடுத்தவை ரிஸ்பெரிடோன் (2006), அரிபிப்ரசோல் (2009) ஆகிய இரண்டு. இரண்டும் ஆட்டிசத்துக்கான மருந்து இல்லை, எரிச்சலைத் தணிப்பவை. பசியும் எடையும் கூடலாம், தூக்கம் வரலாம். எடையையும் சர்க்கரையையும் இடையிடையே பார்க்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது.

மருந்தா பயிற்சியா என்று கேட்பார்கள். 2009-ல் வெளியான, 4 முதல் 13 வயது வரையிலான 124 பிள்ளைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட மருந்தோடு பெற்றோர் பயிற்சியும் பெற்ற குடும்பங்களில் பலன் கூடுதலாக இருந்தது. டாக்டரிடம் போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள். "ரொம்பக் கோபம் டாக்டர்" என்பதைவிட "இரண்டு வாரத்தில் 11, அதில் 8 மாலையில்" என்பது அவருக்கு உதவும்.

சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தை அணுகலாம். யாரைக் கேட்பது என்றே தெரியாத இரவில் 14416, டெலி மானஸ். எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

நிபுணரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இவன் ஏன் கடிக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" பார்க்காமலே பதில் சொல்கிறவரை, அல்லது பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்கிறவரை விட்டு வேறொருவரைப் பாருங்கள்.